இரண்டாம் வருகையும் கிணற்று முறையும்

சங்கரன்கோவிலிலிருந்து மேலநீலிதநல்லூருக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் சன்னலோர இடம் கிடைத்தால் சுவர் எழுத்துகளைப் படித்துக்கொண்டே போகலாம். கட்சி விளம்பரம், சிமெண்ட் விளம்பரம், காதணி விழா வாழ்த்து, கண் சிகிச்சை முகாம்... இவற்றுக்கு நடுவே எங்காவது ஒரு சுவரில் "இயேசு சீக்கிரம் வருகிறார், ஆயத்தமா?" என்று எழுதியிருக்கும். நெல்லைச் சீமையில் இந்த எழுத்தைப் பார்க்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. கிறிஸ்தவர்கள் மட்டுமல்ல, எல்லோரும் படித்திருப்பார்கள். படித்துப் படித்துப் பழகியதால் யாரும் நின்று யோசிப்பதில்லை. ஆயத்தமா என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமலே பஸ் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறது.

அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம்? எதை ஆயத்தப்படுத்த வேண்டும்? இதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு சின்ன சம்பவம். மேலநீலிதநல்லூருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊர். அங்கே அண்ணன் தம்பி இரண்டு பேர். அப்பா வெட்டிய கிணறு ஒன்று, பங்கு இரண்டு. கரண்ட் இணைப்பு அண்ணன் பெயரில், மோட்டார் அறைச் சாவி அண்ணன் வீட்டில். வாரத்தில் மூன்று நாள் அண்ணன் முறை, மூன்று நாள் தம்பி முறை, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவதால் யாருக்கும் இல்லை. இப்படிப் பல வருடம் நல்லபடியாகத்தான் ஓடியது. ஒரு கோடையில் மோட்டார் காயில் எரிந்துபோனது. புதிதாகக் காயில் கட்ட எட்டாயிரம் ரூபாய் ஆனது. பாதியைக் கொடு என்றார் அண்ணன். உன் முறையில்தானே எரிந்தது, நீயே பார்த்துக்கொள் என்றார் தம்பி. அண்ணன் அறையைப் பூட்டிவிட்டார். தம்பி போட்டிருந்தது மல்லிகை. சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டை நம்பிப் போட்ட பூ. தண்ணீர் இல்லாமல் செடி வாட ஆரம்பித்தது.

அந்த மாதத்தில்தான் ஊரில் மூன்று நாள் கன்வென்ஷன் கூட்டம் நடந்தது. கடைசி நாள் செய்தி, கர்த்தருடைய வருகை. வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் மத்தேயு 24-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு யுத்தங்கள், பஞ்சம், கொள்ளைநோய், பூமியதிர்ச்சி என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். 2004 டிசம்பர் 26 சுனாமியைச் சொன்னார். 2020-ல் கொரோனா வந்து கோயில்கள் பூட்டப்பட்டதைச் சொன்னார். இஸ்ரவேல் தேசத்தைச் சொன்னார். இன்று இரவே எக்காளம் தொனித்தால் நீ எங்கே நிற்பாய் என்று கேட்டார். அண்ணன்காரர் முழங்காலில் நின்று தேம்பித் தேம்பி அழுதார். சுற்றி இருந்தவர்களும் அழுதார்கள். தம்பியும் அதே கூட்டத்தில் பத்துப் பதினைந்து அடி தள்ளி உட்கார்ந்திருந்தார். கூட்டம் முடிந்து இரண்டு பேரும் வேறு வேறு தெரு வழியாக வீட்டுக்குப் போனார்கள். மோட்டார் அறை மறுநாளும் பூட்டியே கிடந்தது.

இதைக் கேட்டு அண்ணனைப் போலி என்று சொல்லிவிடலாம். அது அவ்வளவு சரியாக இருக்காது. அந்த அழுகை உண்மையான அழுகைதான். ஆயத்தம் என்றால் அழுவதும் ஜெபிப்பதும் அடையாளங்களைக் கவனிப்பதும்தான் என்று அவருக்குப் பல வருடமாகச் சொல்லிக் கொடுக்கப்பட்டிருக்கிறது. சாவியும் அதில் சேரும் என்று யாரும் சொல்லவில்லை.

இரண்டாம் வருகையைப் பற்றிப் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் போய் விழும் இடம் கணக்கு. வேதத்தில் அந்த நாளும் நாழிகையும் பிதாவைத் தவிர வேறு ஒருவருக்கும் தெரியாது என்ற கருத்து மத்தேயு 24:36-ல் தெளிவாக இருக்கிறது. மாற்கு 13:32-ல் குமாரனுக்கும் தெரியாது என்று வருகிறது. இருந்தாலும் மனுஷன் கணக்குப் போடாமல் இருப்பதில்லை. நாள்தானே தெரியாது, வருஷம் தெரியலாமே என்று ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்துக்கொள்கிறான்!

இதில் மிகப் பெரிய பெயர் அமெரிக்காவின் வில்லியம் மில்லர். நியூயார்க் மாநிலத்தில் விவசாயம் செய்துகொண்டிருந்த பாப்டிஸ்ட் சபைக்காரர். படிப்பு பெரிதாக இல்லை, ஆனால் வேதத்தை வரிவரியாகப் படித்தவர். தானியேல் 8:14-ல் 2300 நாட்கள் என்று வருகிறது. தீர்க்கதரிசனத்தில் ஒரு நாள் என்பது ஒரு வருஷம் என்று எடுத்துக்கொண்டார். எருசலேமைப் பற்றி அர்தசஷ்டா ராஜா கட்டளை கொடுத்த வருஷம் கி.மு. 457 என்று வைத்துக்கொண்டு அதிலிருந்து 2300 வருஷத்தைக் கூட்டினார். வந்தது 1843. பிறகு கி.மு.வுக்கும் கி.பி.க்கும் நடுவில் பூஜ்ய வருஷம் கிடையாது என்பது ஞாபகம் வந்து கணக்கு 1844-க்கு நகர்ந்தது. அவருடைய கூட்டத்தைச் சேர்ந்த சாமுவேல் ஸ்னோ என்பவர் இன்னும் ஒரு படி போய் 1844 அக்டோபர் 22 என்று நாளையே குறித்துவிட்டார். பல்லாயிரம் பேர் நம்பினார்கள். சிலர் விளைந்த உருளைக்கிழங்கைத் தோண்டாமல் வயலிலேயே விட்டார்கள், தோண்டுவது அவிசுவாசம் என்று. அக்டோபர் 23 காலையில் சூரியன் வழக்கம்போல் உதித்தது. சரித்திரத்தில் அதற்கு 'மகா ஏமாற்றம்' என்றே பெயர்.

மில்லர் மோசக்காரர் இல்லை. நேர்மையாக நம்பினார், நேர்மையாக ஏமாந்தார், 1849-ல் இறந்துபோனார். எல்லோரைப் பற்றியும் அப்படிச் சொல்ல முடியாது. தென் கொரியாவில் லீ ஜாங் ரிம் என்பவர் 1992 அக்டோபர் 28 அன்று சபை எடுத்துக்கொள்ளப்படும் என்று அறிவித்தார். மக்கள் வேலையை விட்டார்கள், சொத்தை விற்றார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட்டார்கள். அந்தப் பணத்தில் லீ வாங்கி வைத்திருந்த கடன் பத்திரங்கள் சில 1993-ல் முதிர்ச்சியடைய வேண்டியவை என்பது போலீஸ் விசாரணையில் தெரிந்தது. உலகம் முடிந்து ஏழு மாதம் கழித்துப் பணம் வாங்க யார் போவார்கள்! மோசடிக்காக அவர் சிறைக்குப் போனார்.

2011 மே 21 பலருக்கு நினைவிருக்கும். அமெரிக்க வானொலிப் பிரசங்கியார் ஹெரால்டு கேம்பிங் குறித்த நாள். உலகம் முழுக்க விளம்பரப் பலகைகள் வைத்தார்கள். ஆயுள் சேமிப்பை அந்த விளம்பரத்துக்குக் கொடுத்தவர்கள் உண்டு. அந்த நாள் போனதும் அக்டோபர் 21 என்றார், அதுவும் போனது. 2012-ல் அவரே தேதி குறித்தது பாவம் என்று ஒத்துக்கொண்டார். 2013 டிசம்பரில் இறந்தார். கடைசியில் ஒத்துக்கொண்டாரே, அதுவரைக்கும் அவரைப் பாராட்டலாம். தேதி தவறியவர்களில் அப்படிச் செய்தவர்கள் அதிகம் பேர் இல்லை.

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை, நம்ம ஊரில் இப்படி நடக்காது என்று நினைத்தால் அது தவறு. மேலநீலிதநல்லூரிலிருந்து மேற்கு மலையைத் தாண்டினால் கேரளம். அங்கே இதே கதை 1881-ல் நடந்திருக்கிறது. அதில் முக்கியமானவர் பாலக்காட்டுத் தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் 1835-ல் பிறந்தவர்.

அவருடைய பழைய பெயர் ராமய்யன். சமஸ்கிருதமும் சங்கீதமும் கற்றவர். 1861-ல் குடும்பத்தோடு கிறிஸ்தவரானார். யுஸ்துஸ் யோசேப்பு என்று பெயர் வைத்தார்கள், ஜனங்கள் வித்வான் குட்டி என்று கூப்பிட்டார்கள். சி.எம்.எஸ். மிஷனில் குருவானவராக அபிஷேகம் பெற்றார். அவர் எழுதிய மலையாளக் கீர்த்தனைகளை இன்றைக்கும் கேரளத்தில் எல்லாச் சபைகளிலும் பாடுகிறார்கள். 1873 வாக்கில் அவருடைய சபையில் பெரிய எழுப்புதல் உண்டானது. பாவ அறிக்கை, கண்ணீர், தரிசனங்கள் எல்லாம். அதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். 1875-ல் அந்தக் கூட்டத்துக்குள் ஒரு தீர்க்கதரிசனம் எழும்பியது, இன்னும் ஆறு வருஷத்தில் கர்த்தர் வருவார் என்று. யுஸ்துஸ் யோசேப்பு அதை ஏற்றுக்கொண்டார். மிஷன் அவரை விலக்கியது. வெள்ளைக்காரர்கள் அந்தக் கூட்டத்துக்கு 'ஆறு வருஷக் கட்சி' என்று பெயர் வைத்தார்கள்.

அந்த ஆறு வருஷத்தின் நடுவில் என்ன வந்தது என்று பாருங்கள். 1876 முதல் 1878 வரை மதராஸ் மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சம். லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்தார்கள். பஞ்சம், கொள்ளைநோய் என்று மத்தேயு 24-ல் சொல்லியிருக்கும் அடையாளங்கள் கண் முன்னால் தெருவில் கிடந்தன. அந்த நாளில் வாழ்ந்த ஒரு விசுவாசிக்கு இதைவிடப் பெரிய அத்தாட்சி தேவைப்பட்டிருக்காது. ஆனாலும் 1881 வந்தது, போனது. யுஸ்துஸ் யோசேப்பு தவறு என்று சொல்லவில்லை. வேறு விதமாக விளக்கம் கொடுத்து 'யுயோமயம்' என்ற பெயரில் தனிச் சபை தொடங்கினார். 1887-ல் இறந்தார். கீர்த்தனைகள் நிலைத்தன, கணக்கு நிலைக்கவில்லை.

அடையாளங்களைக் காட்டிப் பேசும் எல்லாப் பிரசங்கியாருக்கும் இது ஒரு பாடம். இயேசு அந்த அடையாளங்களைச் சொன்ன இடத்திலேயே இவை வேதனைகளின் ஆரம்பம் மட்டும்தான், கலங்காதேயுங்கள் என்ற பொருளில் சொல்லியிருக்கிறார் (மத்தேயு 24:6-8). அதை அப்படியே தாண்டிவிட்டு லிஸ்ட்டை மட்டும் படிப்பது வழக்கமாகிவிட்டது. பார்கோடு வந்தபோது அதில் 666 இருக்கிறது என்றார்கள். 1948-ல் இஸ்ரவேல் பிறந்தது, ஒரு சந்ததி நாற்பது வருஷம், ஆகவே 1988 என்றார்கள். 2000 என்றார்கள். ஆதார் அட்டை வந்தபோது மிசோரமில் சில கிறிஸ்தவர்கள் அது மிருகத்தின் முத்திரை என்று வாங்க மறுத்தார்கள். கொரோனா ஊசி வந்தபோது அதையும் விடவில்லை. வாட்ஸ்அப்பில் வந்த அந்தச் செய்தியை நம்பி ஊசி போடாமல் இருந்தவர்கள் உண்டு. தீர்க்கதரிசனம் என்ற பெயரில் பயத்தை விற்றால் இதுதான் நடக்கும்.

அப்படியானால் வருகையைப் பற்றிப் பேசவே கூடாதா? அதுவும் சரியில்லை. வருகை இல்லாமல் கிறிஸ்தவ விசுவாசமே கிடையாது. அப்போஸ்தலர் 1:11-ல் தேவதூதர்கள் சொன்னதும் அதுதான். ஆதிச்சபை தினமும் எதிர்பார்த்தது. மாரநாதா என்ற அரமேயச் சொல் 1 கொரிந்தியர் கடைசி அதிகாரத்தில் அப்படியே இருக்கிறது. திருவிருந்து எடுக்கும்போதெல்லாம் அவர் வருமளவும் என்ற நினைவோடுதான் எடுக்க வேண்டும் என்று அதே நிருபம் 11:26 சொல்கிறது. கிறிஸ்துமஸுக்கு முன் நான்கு ஞாயிற்றுக்கிழமை அட்வெந்து என்று அனுசரிப்பதும் முதல் வருகை, இரண்டாம் வருகை இரண்டையும் நினைக்கத்தான். நீதி இல்லாத உலகத்தில் ஒரு நாள் நியாயம் கிடைக்கும் என்ற நம்பிக்கை ஏழைக்குச் சாதாரண விஷயம் கிடையாது.

காத்திருப்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதும் இல்லை. சங்கரன்கோவிலில் ஆடித்தபசு நடக்கும்போது மேலநீலிதநல்லூர் பக்கத்திலிருந்து பஸ் பஸ்ஸாக ஜனங்கள் போவார்கள். சிவனும் விஷ்ணுவும் ஒன்றாகக் காட்சி தர வேண்டும் என்று கோமதி அம்மன் தவமிருந்ததைக் கொண்டாடும் திருவிழா அது. அது வேறு விசுவாசம், இரண்டையும் ஒன்றாக்கத் தேவையில்லை. ஆனால் கடவுள் வெளிப்படும்வரை ஒரே நினைவாய்க் காத்திருப்பது என்றால் என்னவென்று இந்த மண்ணில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

எப்படிக் காத்திருப்பது என்பதில்தான் சிக்கல். இதற்கு மத்தேயு 24-ன் கடைசியையும் 25-ஆம் அதிகாரத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அடையாளங்களைச் சொன்ன கையோடு இயேசு கதைகளாகச் சொல்கிறார். முதல் கதையில் எஜமான் வெளியே போயிருக்கிறான். வேலைக்காரன் ஒருவன் வீட்டாருக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு போடுகிறான். எஜமான் வரும்போது அவன் செய்துகொண்டிருந்த வேலை அதுதான், சோறு பரிமாறுவது! வானத்தைப் பார்த்துக்கொண்டு வாசலில் நிற்கவில்லை. இன்னொரு வேலைக்காரன் எஜமான் வர நாளாகும் என்று சக வேலைக்காரரை அடிக்க ஆரம்பிக்கிறான். அவனுக்குத்தான் தண்டனை. அவன் செய்த தவறு தேதியைத் தப்பாகக் கணித்தது மட்டும் என்று நினைக்க வேண்டாம். கூட இருந்தவனை அடித்தான்.

அடுத்தது பத்துக் கன்னிகைகள். இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம், பத்துப் பேருமே தூங்கிவிட்டார்கள். புத்தியுள்ள ஐந்து பேரும்தான் தூங்கினார்கள். தூங்கியதற்காக யாரையும் திட்டவில்லை. வித்தியாசம் எண்ணெயில். எண்ணெய் நடுராத்திரியில் கடன் வாங்க முடியாத பொருள், முன்னாலேயே சேர்த்திருக்க வேண்டும். பரீட்சைக்கு முந்தின இரவு நண்பன் நோட்டை வாங்கலாம், நண்பன் படித்ததை வாங்க முடியாது. (அரியர் பேப்பர் எழுதுவதற்குள் வருகை வந்துவிட வேண்டும் என்று ஜெபிக்கிற நண்பர்களுக்கும் இது பொருந்தும்.)

பிறகு தாலந்து கதை. ஒரு தாலந்து என்பது சின்னக் காசு இல்லை, கூலிக்காரன் ஒருவனுக்கு ஏறக்குறைய இருபது வருஷச் சம்பளம். அதைப் புதைத்து வைத்தவன் திருடவில்லை, குடிக்கவில்லை, பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தான். அவன்தான் வெளியே தள்ளப்பட்டான். கடைசியில் செம்மறியாடும் வெள்ளாடும். அங்கே ராஜா தீர்க்கதரிசனக் கேள்வி ஒன்றுகூடக் கேட்கவில்லை. பசித்தவனுக்குச் சாப்பாடு, தாகமாய் இருந்தவனுக்குத் தண்ணீர், அந்நியனுக்கு இடம், வியாதியஸ்தனையும் சிறையில் இருப்பவனையும் போய்ப் பார்த்தது... அவ்வளவுதான் கேள்வித்தாள். கேள்வித்தாள் முன்னாலேயே வெளியாகியிருக்கிறது, படிக்கத்தான் ஆள் இல்லை.

பவுல் காலத்திலேயே தெசலோனிக்கேயா சபையில் இந்தக் குழப்பம் வந்துவிட்டது. வருகை வந்தாயிற்று என்று சிலர் கிளப்பிவிட்டார்கள். சிலர் வேலைக்குப் போகாமல் அடுத்த வீட்டு வம்பு பேசித் திரிந்தார்கள். தான் இரவும் பகலும் கைவேலை செய்து சாப்பிட்டதை ஞாபகப்படுத்தி, நீங்களும் ஒழுங்காக வேலை செய்து சாப்பிடுங்கள் என்று பவுல் எழுத வேண்டி வந்தது (2 தெசலோனிக்கேயர் 2, 3 அதிகாரங்கள்). வருகையைப் பற்றி அதிகம் எழுதியவர் கொடுத்த அறிவுரை இவ்வளவு சாதாரணமாக இருக்கிறது.

இந்த வட்டாரத்திலேயே இதற்கு உதாரணம் உண்டு. 1854-ல் தாமஸ் ராக்லண்ட் என்ற சி.எம்.எஸ். மிஷனரி திருநெல்வேலியின் வடபகுதிக்கு வந்தார். கேம்பிரிட்ஜில் படித்து அங்கேயே ஃபெல்லோவாக இருந்தவர். சென்னையில் மிஷன் செயலாளர் பதவியில் இருந்து, அந்த வசதியை விட்டுவிட்டுக் கூடாரத்தோடு கிராமம் கிராமமாக அலையும் ஊழியத்துக்கு வந்தார். டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் என்ற இரண்டு பேர் கூட. சிவகாசிதான் அவர்களுக்கு மையம். வெயில், புழுதி, கரிசல் காடு. ராக்லண்டுக்கு ஏற்கெனவே நெஞ்சு வியாதி. அதிக நாள் இருக்க மாட்டோம் என்பது அவருக்கே தெரியும். தெரிந்தும் மிஷன் கணக்குகளை எழுதினார், உபதேசியார்களுக்குச் சொல்லிக் கொடுத்தார், கூடாரத்தைப் பிரித்து அடுத்த ஊருக்குப் போனார். 1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியில் திடீரென்று இறந்தார். மில்லரின் ஆட்கள் உருளைக்கிழங்கைத் தோண்டாமல் காத்திருந்த அதே அக்டோபர் 22, பதினான்கு வருஷம் கழித்து! தேதிப் பொருத்தம் தற்செயல்தான். ஆனால் இரண்டு ஆயத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அது வசதியாக இருக்கிறது.

இன்னொருவர் நம்மவர். ஜான் கிறிஸ்டியன் அருளப்பன், 1810-ல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர். பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயரிடம் படித்தவர். அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்பவரின் போதனையைக் கேட்டு, மிஷன் சம்பளம் வேண்டாம் என்று முடிவெடுத்தார். அந்தக் காலத்தில் ஒரு இந்திய ஊழியர் வெள்ளைக்காரர் சம்பளம் வேண்டாம் என்று சொல்வது பெரிய விஷயம். வத்திராயிருப்புப் பக்கத்தில் நிலம் வாங்கி கிறிஸ்தியான்பேட்டை என்ற ஊரை உண்டாக்கினார். ஜனங்கள் அங்கே பயிர் செய்தார்கள், பிள்ளைகள் படித்தார்கள். 1860-ல் அங்கே எழுப்புதல் வந்தது. அந்நிய பாஷை, தீர்க்கதரிசனம், தரிசனம் எல்லாம் நடந்ததாக அவருடைய நாட்குறிப்பு சொல்கிறது. அமெரிக்காவில் பெந்தெகொஸ்தே இயக்கம் தொடங்குவதற்கு நாற்பது வருஷத்துக்கும் முன்னால் நடந்தது இது. வருகையை எதிர்பார்த்தவர்கள்தான் அவர்களும். ஆண்களும் பெண்களும் சம்பளமில்லாமல் பிரசங்கிக்கப் புறப்பட்டார்கள். ஒருவருக்கொருவர் செய்த தவறுகளை வெளியே சொல்லி மன்னிப்புக் கேட்டார்கள். அருளப்பன் 1867-ல் இறந்தார்.

கேரளத்தில் பிறகு உண்டான எழுப்புதலுக்கும் இங்கிருந்து போன அலை ஒரு காரணம் என்று சபைச் சரித்திரம் எழுதியவர்கள் சொல்கிறார்கள். அதாவது ஒரே அலை. மலைக்கு இந்தப் பக்கம் மன்னிப்பும் வயல் வேலையும் இருந்தது, அந்தப் பக்கம் கடைசியில் ஒரு தேதியில் போய் முட்டியது. அருளப்பன் குற்றமே இல்லாதவர் என்று சொல்ல வரவில்லை. எழுப்புதலின்போது நடந்த சில காரியங்கள் அன்றைக்கே மிஷனரிகளுக்குள் வாக்குவாதத்தைக் கிளப்பின. ஆனால் விதைநெல்லைச் சாப்பிட்டுவிட்டு வானத்தைப் பார்க்கச் சொன்னவர் இல்லை அவர்.

மறுபடியும் கிணற்றுக்கு வருவோம்.

கன்வென்ஷன் முடிந்த வாரத்தில் கோயிலில் திருவிருந்து. அண்ணன்காரர் வேட்டி சட்டை மாற்றிக்கொண்டு புறப்பட்டார். திண்ணையில் அவருடைய அம்மா. எண்பது வயதுக்கு மேல், கண் பார்வை மங்கிவிட்டது, எழுதப் படிக்கவும் தெரியாது. வேத வசனமெல்லாம் காதால் கேட்டதுதான். கடன் விஷயத்தில் ரொம்பக் கறார். பக்கத்து வீட்டில் ஒரு உழக்கு அரிசி வாங்கினாலும் விளக்கு அணைப்பதற்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். "ராத்திரியே போயிட்டேன்னா யாரு குடுப்பா?" என்பார்.

"எங்கல போற?"

"கோயிலுக்கும்மா. இன்னைக்கு நற்கருணை."

"தம்பிகிட்ட பேசிட்டியால?"

பதில் இல்லை.

"அன்னைக்கு ராத்திரி வருகை வருகைன்னு அந்த அழுக அழுதியே. அவரு வாரது இருக்கட்டும். நீ மொதல்ல தம்பி வீட்டுக்குப் போயிட்டு வா. அவரு வந்து, அந்தப் பூட்டுக்குச் சாவி யாருகிட்டன்னு கேட்டா என்னல சொல்லுவ?"

பலிபீடத்தில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்லும் வசனம் மத்தேயு 5:23, 24. அந்த அம்மாவுக்கு அதிகாரமும் வசன எண்ணும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. திருவிருந்து ஆராதனையிலேயே, பிறரோடு சமாதானமாய் இருக்கிறவர்களைத்தான் கிட்டி வரச் சொல்லுகிற பகுதி இருக்கிறது. மாதாமாதம் எல்லோரும் கேட்கிறார்கள்.

அண்ணன் அன்றைக்குக் கோயிலுக்கும் போகவில்லை, தம்பி வீட்டுக்கும் போகவில்லை. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வயலுக்குப் போய்விட்டார். அம்மா மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு மூன்று நாள் வீட்டில் பேச்சு குறைவாக இருந்தது. நாலாயிரம் ரூபாய் அவருக்குச் சின்னப் பணம் இல்லை. பணத்தைவிடவும் தம்பி 'உன் முறையில்தானே எரிந்தது' என்று கேட்டது உள்ளே குத்திக்கொண்டிருந்தது. அழுவது சுலபமாக இருந்தது. இரண்டு தெரு தாண்டிப் போவதுதான் முடியவில்லை. எக்காளம் தொனிக்கும் என்று கேட்டுப் பயந்த மனுஷனுக்குத் தம்பி வீட்டு வாசல்படி அதைவிடப் பயமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போனார். தம்பி மனைவி, "வாங்க மச்சான்" என்று சொல்லிவிட்டு உள்ளே காப்பி போடப் போனாள். அண்ணனும் தம்பியும் மழையைப் பற்றிப் பேசினார்கள், மக்காச்சோளம் விலையைப் பற்றிப் பேசினார்கள். காயில் கட்டிய செலவைப் பற்றி இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. மன்னிப்பு என்ற வார்த்தை வரவே இல்லை. புறப்படும்போது அண்ணன் சாவியைத் திண்ணையில் வைத்தார்.

"நாளைக்கு உன் முறைதான?"

"ஆமாண்ணே."

புதன்கிழமை விடியற்காலை மும்முனைக் கரண்ட் வந்ததும் தம்பி மோட்டாரைப் போட்டார். மல்லிகையில் பாதிக்கு மேல் காய்ந்துபோயிருந்தது, மீதி தப்பிவிட்டது. மாதக் கடைசியில் தம்பி இரண்டாயிரம் ரூபாய் கொண்டுவந்து அம்மா கையில் கொடுத்தார். பாக்கி இரண்டாயிரத்தை அண்ணன் இன்றுவரை கேட்கவில்லையாம்.